இரவெல்லாம் கத்தும் பூனையை அடக்க மருந்து உண்டா?

திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறீர்கள், மூன்று வயதுப் பூனை இரவெல்லாம் கத்துகிறது, விடிந்தால் பனியன் கம்பெனிக்கு ஓட வேண்டிய பக்கத்து வீட்டார் உரிமையாளரிடம் புகார் சொல்லிவிட்டார்கள், கத்தலை நிறுத்த ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து என்ற சொல்லைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நமக்கென்று வீட்டில் வாங்கி வைத்திருக்கும் மாத்திரையையோ சளி மருந்தையோ தயவுசெய்து பூனையின் வாயில் ஊற்றிவிடாதீர்கள். காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடக்கூடும்.

வளர்ந்த பூனைகள் தமக்குள் "மியாவ்" என்று பேசிக்கொள்வது மிக அரிது. குட்டியாக இருக்கும்போது தாயைக் கூப்பிட எழுப்பும் அந்தக் குரலை, வளர்ந்த பிறகு மனிதரிடம்தான் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. ஆகவே உங்கள் பூனை "மியாவ்" என்று கத்தினால் அது பெரும்பாலும் உங்களை நோக்கித்தான். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, இது குட்டியிலிருந்தே உள்ள வழக்கமா, அண்மையில் திடீரென்று தொடங்கியதா என்பது. திடீரென்று தொடங்கியது என்றால் மற்ற யோசனைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் போங்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் வீட்டு ராசு.

நாங்கள் கோபிசெட்டிபாளையத்தை ஒட்டித் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். ராசு செவலைநிறக் கடுவன். குட்டிப் பருவத்திலேயே கருத்தடை அறுவை செய்யப்பட்டவன். அதிகம் வாய் திறக்காத அவன் ஒரு சனிக்கிழமை இரவு அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்துக் கத்தத் தொடங்கினான். என் மாமியார், "அது சோடி தேடிக் கத்துது அம்மிணி, ரெண்டு நாள்ல தானா அடங்கிப்போயிரும், நீ போய்ப் படு" என்றார். அறுவை செய்த கடுவனுக்குச் சோடி தேடும் வேகம் எங்கிருந்து வரும் என்ற ஐயத்தில் நான் படுக்காமல் அவன் பின்னாலேயே நடந்தேன். அவன் சிறுநீர், மலம் கழிக்க வைத்திருக்கும் மண் தொட்டியில் ஏறி, முதுகை வளைத்து, வால் நடுங்க வெகுநேரம் முக்கினான், இறங்கி அடிப்பக்கத்தை நக்கினான், மறுபடியும் ஏறினான். டார்ச் அடித்துப் பார்த்தால் மண்ணில் ஒரு பொட்டளவு ஈரம், அதுவும் சிவந்திருந்தது. அடிவயிற்றைத் தொட்டபோது எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்பட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாகப் போகும் சிகிச்சை நிலையத்துக்குப் போன் செய்தால், "பூனைதானுங்களே, திங்கக்கிழமை கொண்டாங்க" என்று பதில் வந்தது. மூங்கில் கூடையில் வைத்து மேலே துணியைக் கட்டி, என் கணவர் வண்டி ஓட்ட, ஈரோட்டில் வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது என்றும், மணல் போன்ற படிகமோ சளிக்கட்டியோ அதை அடைத்துக்கொண்டால் சிறுநீர் பின்னால் தேங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடும் என்றும் அவர் விளக்கினார். திங்கட்கிழமை வரை இவன் தாங்கியிருக்கமாட்டான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி, தேங்கியதை வெளியேற்றினார். இப்போது அவனுக்கு உலர் தீவனத்தைக் குறைத்து ஈர உணவு கொடுக்கிறோம், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைக்கிறோம்.

"பூனைதானுங்களே" என்ற அந்த ஒரு சொல் இன்னும் எனக்கு ஆறவில்லை. காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன சீமை இது. 1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கும் வட்டாரம் இது. எருமைக்குக் காய்ச்சல் என்றால் நடுச்சாமத்தில்கூட யாராவது வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் கட்டுத்தறியிலும் எருமை உண்டு, அதனால் மாட்டு வைத்தியத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். பால் கறக்காத உயிருக்கு வலித்தால் அது சிரிப்புக்கு உரியதாகிவிடுகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

உங்கள் பூனை கடுவனா பெட்டையா என்று நீங்கள் எழுதவில்லை. அறுவை செய்யாத பெட்டையாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பருவத்துக்கு வந்த பெட்டை தரையில் உருளும், எதிர்ப்பட்டதையெல்லாம் உரசும், பின்பக்கத்தைத் தூக்கி நின்று ஊருக்கே கேட்கும்படி ஓலமிடும். ஏறக்குறைய ஒரு வாரம் நீடித்து, சேர்க்கை நடக்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் வரும். அடைத்து வைத்தாலும் அதட்டினாலும் இது நிற்காது. கருத்தடை அறுவைதான் வழி. அது பாவம் என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விட்டுவிட்டு வருவதை என்னவென்று சொல்வது என்று நான் கேட்டேன்; இன்றுவரை பதில் இல்லை.

அறுவையும் ஆகி, நோயும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், மிச்சமிருப்பது பழக்கம்தான். விடியற்காலை நான்கு மணிக்குக் கத்துகிறது, தொல்லை தாங்காமல் எழுந்து தீனி போடுகிறோம், கத்தினால் தீனி வரும் என்று அது தெரிந்துகொள்கிறது. படுக்கப் போகுமுன் கயிற்றையோ கோழி இறகையோ இழுத்துக் காட்டி அது மூச்சிரைக்கும் வரை விளையாடவிட்டு, அதன்பின் வயிறாரக் கடைசி வேளை உணவைக் கொடுங்கள். காலைத் தீனியை நீங்கள் எழுந்தவுடன் கொடுக்காமல், பல் துலக்கி அடுப்பு வேலையைத் தொடங்கிய பின் அது வாய் மூடியிருக்கும் சமயம் பார்த்துக் கொடுங்கள். தொடக்கத்தில் கத்தல் இருமடங்காகும். அப்போது மனமிரங்கித் தீனி போட்டால், இவ்வளவு நேரம் கத்தினால்தான் கிடைக்கும் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். அடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் அச்சத்தைத்தான் வளர்க்கும். பத்து வயது தாண்டிய பூனை என்றால் தைராய்டு, இரத்த அழுத்தம், காது மந்தம் ஆகியவையும் இரவுக் கத்தலுக்குக் காரணமாகும். உங்களுடையதற்கு அந்த வயது இல்லை.

பூனைக்கு இவ்வளவா என்று சிலர் கேட்பார்கள். நான் கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை, வளர்த்து அறிந்ததைத்தான் சொல்கிறேன். ஆனால் வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை, "எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு" என்று உரிமையாளர் சொன்னால் பணிவாகவே எடுத்துச் சொல்லலாம். இன்றிரவு அது கத்தும்போது கைப்பேசியில் படம் பிடியுங்கள், மண் தொட்டியில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவர் மேசையில் ஏற்றியவுடன் பூனை வாயே திறக்காது; அந்தப் படத்தைத்தான் அவரிடம் காட்ட வேண்டியிருக்கும்.