அரசாணிக்காய் இனிக்கிறதே, சர்க்கரை ஏறுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. ஏழு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, மெட்ஃபார்மின் போடுகிறேன். எங்கள் தோட்டத்தில் அரசாணிக்காய் (பறங்கிக்காய், மஞ்சள் பூசணி என்றும் சொல்வார்கள்) நிறையக் காய்த்திருக்கிறது. இனிப்புக் காய், தொடாதீர்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. அது சர்க்கரையையே குறைக்கும் என்று மகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். யார் சொல்வது சரி? இன்னொன்று, 9 மாதப் பேரனுக்குத் தினமும் அதை மசித்து ஊட்டுகிறோம். உள்ளங்கை மஞ்சளாகத் தெரிகிறது. காமாலையாக இருக்குமோ?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பேரன் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். குழந்தையை வாசலுக்குத் தூக்கி வந்து, பகல் வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் மூக்கு நுனியும் மட்டும் மஞ்சளாக இருந்தால், அது பெரும்பாலும் காயின் நிறம்தான். அரசாணிக்காய்க்கு அந்த நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டின், அளவுக்கு மேல் போனால் தோலில் தங்கும். அதனால் கெடுதல் இல்லை. தினமும் கொடுப்பதை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, மற்ற நாளில் பருப்புச் சாதம், வேறு காய் என்று மாற்றினால் சில வாரங்களில் தானாக வெளுத்துவிடும். ஆனால் கண் மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, மலம் வெளுத்திருந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் சர்க்கரைக்கு வருவோம். பக்கத்து வீட்டு அம்மா பயப்படுவதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் இண்டெக்ஸ் பட்டியலில் இந்தக் காய்க்கு 75 என்று போட்டிருக்கும். பார்த்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் அந்த எண்ணை வழக்கமாகக் கணக்கிடுவது 50 கிராம் மாவுச்சத்தைச் சாப்பிடவைத்துத்தான். அரசாணிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அவ்வளவு மாவுச்சத்து வேண்டுமென்றால் முக்கால் கிலோவுக்கு மேல் ஒரே மூச்சில் சாப்பிட வேண்டும். யார் சாப்பிடப்போகிறார்கள்? நீங்கள் தட்டில் வைக்கும் ஒரு கிண்ணம், 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் மாவுச்சத்து சுமார் 10 கிராம். அதே 150 கிராம் சோற்றில் 42 கிராம்.

என்னிடம் வரும் ஒரு அம்மா, "அரசாணிக்காய் சாப்பிட்டால் எனக்கு 240 காட்டுகிறது டாக்டர்" என்றார். எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டேன். பால்கூட்டாம். பால், தேங்காய், இரண்டு கரண்டி வெல்லம். அதை ஊற்றிப் பிசைந்து வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. பழியை மட்டும் காய் வாங்கிக்கொண்டது!

ஆகவே தாராளமாகச் சாப்பிடுங்கள். கடுகு, மிளகாய் தாளித்த பொரியலோ, தட்டைப்பயறு போட்ட புளிக்குழம்போ நல்லது. வெல்லம் வேண்டாம், நன்கு பழுத்த காய்க்கு அதன் இனிப்பே போதும். கொஞ்சம் எண்ணெயும் ஒரு கை தேங்காய்த் துருவலும் இருக்கட்டும், கொழுப்பு இல்லாமல் பீட்டா கரோட்டின் சரியாக உடம்பில் சேராது. அதைத்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, கண்ணுக்கு நல்லது என்று சொல்வதும் அதனால்தான். காய் கசந்தால் மட்டும் வாயிலிருந்து துப்பிவிடுங்கள். இயல்பாகவே கசக்கும் பாகற்காய் போன்றவை தவிர, இந்தக் குடும்பத்துக் காய்களில் கசப்பு என்பது நச்சின் அடையாளம்.

மகள் அனுப்பியதை நம்பி மாத்திரையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். இந்தக் காய் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் சர்க்கரை குறையும், அவ்வளவுதான். சோற்றோடு கூடுதலாகச் சேர்ந்தால் குறையாது. வெறும் வயிற்றில் பூசணிச் சாறு என்று சொல்கிறார்களே, அது வெண்பூசணி, வேறு காய். அதையும் மருந்தாக நினைக்க வேண்டாம்.

விதையைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவிக் காயவைத்து வறுத்தால் புரதம், மக்னீசியம், துத்தநாகம் எல்லாம் உண்டு. ஆனால் உரித்த பருப்பு 100 கிராமில் 550 கலோரி இருக்கிறது, ஒரு சின்னக் கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

எல்லாருக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா? ஒரு நாள் வழக்கமான மதியச் சாப்பாடு, இன்னொரு நாள் பாதிச் சோறும் ஒரு கிண்ணம் அரசாணிக்காய்ப் பொரியலும். இரண்டு நாளும் முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் குறித்து அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தால், அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.