இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரு வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. குளிர்காலம் வந்தாலே முழங்கால் வலியில் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார். இந்த முறை குளிர் மாதங்களில் நல்ல வெயில் அடிக்கிற சின்ன நகரம் ஒன்றில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, அதனால் லீவு பிரச்சினை இல்லை. ஹோட்டல் கட்டுப்படியாகாது. வாடகை வீடு என்றால் எல்லோரும் ஒரு வருட ஒப்பந்தம் கேட்கிறார்கள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கிற அபார்ட்மெண்ட்டை எப்படித் தேடுவது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து இங்கிருந்தே புக் பண்ணாதீர்கள். ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம் மாதிரி தங்குமிடம் புக் பண்ணுகிற ஒரு இணையதளத்தில் ஒரு வாரத்துக்கு மட்டும் இடம் எடுங்கள், போய் இறங்குங்கள், மீதி நாட்களுக்கான வீட்டை அந்த ஒரு வாரத்தில் நேரில் தேடுங்கள். பெரிய நகரத்துக்கு நான் இப்படிச் சொல்லமாட்டேன். அங்கே தளத்திலேயே நூற்றுக்கணக்கில் வீடுகள் இருக்கும். சின்ன நகரத்தில் தளத்தில் தெரிவது கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் வார இறுதிக்கு வருபவர்களை நம்பி விலை வைத்த வீடுகள். மாதக் கணக்கில் விடத் தயாராக இருக்கிற ஓனர்களில் பலர் தளத்துப் பக்கமே வருவதில்லை, தெரிந்தவர்கள் மூலமாகத்தான் ஆள் பார்ப்பார்கள்.

அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த ஊருக்குச் சில மாதங்களுக்கு மட்டும் வருகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் டாக்டர்கள், கல்லூரிக்கு வரும் கெஸ்ட் லெக்சரர்கள், ஏதோ ஒரு ப்ராஜெக்ட்டுக்காக வந்த இன்ஜினியர்கள். இவர்கள் எங்கேயோ தங்கித்தானே ஆகவேண்டும்? மருத்துவமனை வரவேற்பிலும் கல்லூரி அலுவலகத்திலும் போய், வெளியூர்க்காரர்கள் வழக்கமாக எங்கே தங்குவார்கள் என்று கேளுங்கள். நீங்கள் தங்கியிருக்கும் கட்டிடத்தின் வாட்ச்மேனிடமும், பக்கத்து மருந்துக்கடையிலும் கேளுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது, வயதானவருக்காகத் தேடுகிறோம் என்றால் ஓனர்கள் தயக்கமில்லாமல் பேசுவார்கள்.

வாடகை பேசும்போது ஒரு நாள் கட்டணத்தை முப்பதால் பெருக்கிப் பார்த்துப் பயப்படாதீர்கள். வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து போனால் ஓனருக்கு ஒவ்வொரு முறையும் துணி துவைக்க வேண்டும், வீடு கழுவ வேண்டும், நடுவில் வீடு காலியாகவும் கிடக்கும். இரண்டு மாதம் ஒரே ஆள் என்பது அவருக்கு நிம்மதி, அதைச் சொல்லித்தான் குறைக்கச் சொல்ல வேண்டும். தளத்திலேயே எடுப்பதாக இருந்தாலும் 28 இரவு அல்லது அதற்கு மேல் தேதி போட்டுப் பாருங்கள், பல வீடுகளுக்கு மாதத் தள்ளுபடி அப்போதுதான் தெரியும். ஆனால் ஏர்பிஎன்பியில் 28 இரவோ அதற்கு மேலோ என்றால் ரத்து செய்வதற்கான விதி வேறு, இன்னும் கறாரானது. பணம் கட்டுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது வீட்டைப் பார்ப்பது. வெயிலுக்காகப் போகிறீர்கள், அதனால் அந்த வீட்டுக்குள் வெயில் எங்கே விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர் என்றால் உச்சி வேளையில் சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில்தான் இருக்கும், குளிர்காலத்தில் இன்னும் தாழ்ந்து போகும், எனவே தெற்குப் பார்த்த பால்கனியில் பகல் முழுக்க வெயில் கிடைக்கும். மகர ரேகைக்குத் தெற்கே இருக்கும் ஊராக இருந்தால் அப்படியே தலைகீழ், அங்கே வடக்குப் பார்த்ததைத் தேடுங்கள். எதிரே உயரமான கட்டிடம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண், அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

குளிர்காலத்திலும் பகலில் சூடு ஏறுகிற ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊர் என்றால் வீட்டைக் காலையில் பார்த்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள். காலையில் எல்லா வீடும் குளுகுளு என்றுதான் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், மாடி வீடு என்றால் மேலே இன்னொரு மாடி இருக்கிறதா, நேரே மொட்டை மாடியா என்று கேளுங்கள். காங்கிரீட் பகல் முழுக்க வாங்கிய சூட்டைச் சாயங்காலத்துக்கு மேல்தான் மெதுவாக உள்ளே விடும், ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் வராமல் புரள்வதற்குக் காரணம் அதுதான். குளியலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வருகிறதா என்றும் பாருங்கள், மொட்டை மாடித் தொட்டி வெயிலில் கிடந்தால் அப்படித்தான் வரும். ஏசியைப் போட்டு, பேச்சு முடியும்வரை ஓட விடுங்கள். கரண்ட் பில் யார் கட்டுவது என்று அப்போதே கேட்டுவிட வேண்டும், வாடகையில் சேர்ந்தது இல்லை என்றால் குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கை ஓனர் முன்னாலேயே போட்டோ எடுங்கள்.

அம்மாவுக்காக லிஃப்ட் இருக்கிறதா, குளியலறைத் தரை வழுக்குகிறதா, கட்டில் மிகத் தாழ்வாக இல்லையா என்பதைப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குத் தாழ்ந்த சோபா பெரிய தொல்லை.

கடைசியில் ஒரு பக்கமாவது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாடகை எவ்வளவு, அதில் என்னென்ன அடக்கம், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், நடுவில் கிளம்ப வேண்டிவந்தால் என்ன கணக்கு, இவ்வளவு போதும். வீட்டைக் காட்டுபவரே வாடகைக்கு இருப்பவர் என்றால் உள்வாடகைக்கு ஓனர் சம்மதம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நடுவில் வெளியே போகச் சொன்னால் உங்களுக்குப் பேச வழியே இருக்காது.

கேள்வி: நான் பார்த்த வீடு அருமை, வாடகையும் மற்றதைவிடப் பாதிதான். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறாராம். அட்வான்ஸை அவர் அக்கவுண்ட்டுக்கு அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஒரு பைசாகூட வேண்டாம். வாடகை மோசடியில் எத்தனையோ பேர் ஏமாந்த கதை இதே கதைதான்: பாதி விலை, வெளிநாட்டு ஓனர், கூரியர் சாவி, உடனே பணம். அந்தப் போட்டோக்களைக் கூகுள் லென்ஸில் (படத்தை வைத்து இணையத்தில் தேடும் வசதி) போட்டுப் பாருங்கள், வேறு ஊரில் வேறு பெயரில் அதே ஹால் வரக்கூடும். வராவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து யாராவது வீடியோ காலில் வரட்டும், ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள், நிஜ ஓனருக்கு அது இரண்டு நிமிட வேலை.

தளத்தில் அறிமுகமானவர் "கமிஷன் மிச்சம், வெளியே அனுப்புங்கள்" என்றாலும் இதே பதில்தான். ஏர்பிஎன்பி, நீங்கள் கட்டிய பணத்தைப் பொதுவாக நீங்கள் வீட்டுக்குள் போய் 24 மணி நேரம் கழித்துத்தான் ஓனருக்கு விடுகிறது. உள்ளே போனபின் குறை தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். வெளியே அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

கேள்வி: வைஃபை உண்டு என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பி ஆபீஸ் வேலை பார்க்க முடியுமா?

பதில்: ஸ்பீட் டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள், அதில் டவுன்லோடைவிட அப்லோடைப் பாருங்கள். வீடியோ மீட்டிங்குக்கு நொடிக்கு 4 மெகாபிட் (Mbps) அப்லோடு நிலையாக வந்தால் போதும். நேரில் பார்க்கும்போது ரூட்டர் இருக்கிற ஹாலில் சோதிக்காமல், நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சோதியுங்கள். அந்த அறையில் மொபைல் சிக்னலும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், லைன் போகிற நாளில் ஹாட்ஸ்பாட்தான் கைகொடுக்கும்.