குளிர்ந்த கடலில் முதல் டைவ்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா கற்றுக்கொண்டு, பிறகு வேலைக்காகக் கலிஃபோர்னியா வந்தவர்கள் பலர் மான்டரே விரிகுடாவில் இறங்க ஆசைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன், பதினோரு வருஷமாக இங்கே டைவ் செய்கிறேன். அந்தமானில் நீர் 28 டிகிரி இருக்கும். இங்கே வருஷம் முழுக்க 10 முதல் 15 டிகிரிதான். வசந்த காலத்தில் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வரும்போது இன்னும் குறையும். வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே.

கேள்வி: அக்கா, அந்தமானில் வாங்கிய 3 மி.மீ. வெட்சூட் (உடம்பை ஒட்டிப் போடும் ரப்பர் உடை) இருக்கிறது. உள்ளே ஒரு டி-ஷர்ட் போட்டுச் சமாளிக்கலாமா?

வேண்டாம் தம்பி. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். இங்கே 7 மி.மீ. முழு உடை, ஹூட் (தலையுறை), 5 மி.மீ. கையுறை, தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் எல்லாம் வேண்டும்.

தடிமனைவிட முக்கியம் அளவு. என் முதல் டைவுக்கு வாடகைக் கடை ஒன்றில் ஒரு சைஸ் பெரிய உடை கொடுத்தார்கள், போடச் சுலபமாக இருக்கிறதே என்று நானும் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போதெல்லாம் முதுகுப் பக்கம் புதுத் தண்ணீர் சிலீரென்று உள்ளே ஓடியது. இருபதாவது நிமிஷம், மிதவைச் சட்டைக்குக் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தான் விரலுக்குத் தட்டுப்படவில்லை. கரைக்கு வந்து பெல்ட் பக்கிளைக் கழற்றக்கூட இன்னொருவர் உதவ வேண்டியிருந்தது. குளிர் முதலில் பறிப்பது விரலையும் யோசனையையும்தான். நீருக்கடியில் நம்மைக் காப்பாற்றுவது அந்த இரண்டும்தானே.

கடையில் போட்டுப் பார்க்கும்போது குந்தி உட்காருங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்புக்கு மேலே முதுகு வளையும் இடம், அக்குள், கழுத்து மூன்றிலும் காற்றுப்பை போல இடைவெளி நின்றால் அந்த உடை உங்களுக்கில்லை. போட்டு முடிப்பதற்குள் வியர்த்தால் சரியான அளவு. பெண்கள் ஆண்களுக்கான வெட்டில் சமாளிக்க வேண்டாம், இடுப்பில் தண்ணீர் தேங்கும்.

இந்த உடை பிறந்ததும் இந்தப் பக்கத்தில்தான். 1950களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர்தான் நியோபிரீன் என்ற நுரை ரப்பரில் வெட்சூட் செய்யலாம் என்று யோசித்தவர். சூடு காப்பது உள்ளே தேங்கும் தண்ணீர் இல்லை, நியோபிரீனுக்குள் இருக்கும் குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழிகள் என்பதை அவர் புரிந்துகொண்டார். 10 மீட்டர் ஆழத்தில் அந்தக் குமிழிகள் பாதியாகச் சுருங்கிவிடும். அதனால் ஆழம் போகப்போக 7 மி.மீ.யும் மெலிந்துகொண்டே போகும். பழைய உடையை மலிவாக வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: பல வருஷம் அமுங்கி அமுங்கித் தட்டையான நியோபிரீன் மேலே வந்தாலும் உப்பாது.

கேள்வி: நேரடியாக டிரைசூட் (தண்ணீர் உள்ளே வராத உடை) வாங்கிவிடலாமா?

வாரம் தவறாமல் போவீர்கள் என்றால் கடைசியில் அங்கேதான் போய் நிற்பீர்கள். ஆனால் முதல் பத்து இருபது டைவுக்கு அவசரம் வேண்டாம். நல்ல வெட்சூட்டைவிடப் பல மடங்கு விலை. தனிப் பயிற்சியும் தேவை. உடைக்குள் இருக்கும் காற்று காலுக்கு ஓடிவிட்டால் தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போகும், அதைச் சரிசெய்யப் பழக வேண்டும். உள்ளே பருத்தித் துணி போடக்கூடாது. வியர்வையில் நனைந்தால் அதுவே குளிரைக் கொண்டுவரும்.

கேள்வி: எந்த மாஸ்க் போட்டாலும் தண்ணீர் கசிகிறது. எனக்கு அடர்த்தியான மீசை.

நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மீசையை எடுக்க வேண்டாம். மூக்குக்கு நேர் கீழே ஒரு சிறு கீற்று மட்டும் மழித்துவிட்டால் சிலிகான் ஓரம் தோலில் ஒட்டும். இல்லாவிட்டால் அங்கே சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். வாங்கும்போது பட்டையைத் தலையில் மாட்டாமல், முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தபின் விழாமல் நின்றால் சரி. முதலில் வாங்க வேண்டிய பொருளே மாஸ்க்தான்.

கேள்வி: அந்தமானில் 4 கிலோ ஈய எடை கட்டினேன். இங்கே 11 கிலோ என்கிறார்கள். இவ்வளவு எதற்கு?

தடித்த நியோபிரீன் மிதக்கும், அதை அடக்கத்தான். நான் 62 கிலோ. 7 மி.மீ. உடை, அலுமினிய சிலிண்டரோடு எனக்கு 11 கிலோ வேண்டும், எஃகு சிலிண்டர் என்றால் 8 போதும். வழக்கமான 80 கன அடி அலுமினிய சிலிண்டருக்குள் இருக்கும் காற்றே சுமார் 2.7 கிலோ. அது தீர்ந்ததும் சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். அதனால் எடையை டைவின் தொடக்கத்தில் சரிபார்த்தால் போதாது. சிலிண்டரில் 500 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று மிச்சம் இருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில், பி.சி.டி. என்ற மிதவைச் சட்டையைக் காலி செய்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். மேலே போகவும் கூடாது, கீழே இறங்கவும் கூடாது. அந்த எடையை உடை, சிலிண்டர் விவரத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள்.

எல்லா எடையையும் ஒரே பெல்ட்டில் கட்டாமல், கொஞ்சத்தை பி.சி.டி. பைகளுக்குப் பிரித்துக்கொண்டால் இடுப்பு தப்பிக்கும். ஆபத்தில் எதைக் கழற்றி எறிவது என்று கூட வருகிறவருக்கும் காட்டிவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: குளிரில் ரெகுலேட்டர் உறைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

ரெகுலேட்டர்தான் சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தருவது. 3,000 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் காற்று அதன் முதல் நிலையில் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிரும். சுற்றியுள்ள நீரும் குளிர்ந்திருந்தால் உள்ளே பனி கட்டி, வால்வு திறந்தபடி நின்று காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஈ.என். 250 தரத்தில், குளிர்நீர்ச் சோதனை தேறாதவற்றில் ">10°C" என்ற குறி, அதாவது 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டும் என்று, இருக்கும். மான்டரே அந்த எல்லையிலேயே நிற்பதால், குளிர்நீருக்கென, தண்ணீர் புகாதபடி மூடப்பட்ட டயஃபிரம் (சவ்வு) வகையை வாங்குங்கள். மலைமேல் இருக்கும் டாஹோ ஏரிக்குப் போக நினைத்தால் அது கட்டாயம். அங்கே ஆழத்தில் 5, 6 டிகிரிதான்.

பழக்கமும் முக்கியம். நீருக்கு மேலே மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், காற்றைப் பீய்ச்சி விடும் பர்ஜ் பொத்தானை நீளமாக அமுக்காதீர்கள். காற்று கொட்ட ஆரம்பித்தால் வாயை முழுக்க மூடாமல் தேவையானதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, துணையோடு நிதானமாக மேலே வாருங்கள்.

கேள்வி: பழைய பி.சி.டி., சிலிண்டர் வாங்கலாமா?

பி.சி.டி. வாங்கலாம். ஊதிவிட்டு இரவெல்லாம் வைத்துப் பாருங்கள், காலையில் தளர்ந்திருந்தால் வேண்டாம். சிலிண்டரை வாடகைக்கு எடுங்கள். அமெரிக்காவில் 5 வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை, வருஷம் ஒருமுறை உட்புறப் பார்வை என்று அதற்கு வேலை வைத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஹூட் போட்டால் என் மனைவிக்குக் கழுத்தை நெரிக்கிறது. பழகிவிடுமா?

பழகச் சொல்லாதீர்கள். கழுத்தின் இரு பக்கமும் ரத்தக்குழாய்களை இறுக்கமான நியோபிரீன் அழுத்தினால் தலை சுற்றும், மயக்கம்கூட வரலாம். கழுத்துப் பகுதி மெல்லியதாக உள்ள வேறு ஹூட் பாருங்கள். நீரில் இறங்கியதும் ஹூட்டின் ஓரத்தை விலக்கி இரண்டு காதுக்கும் சமமாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். ஒரு காதில் மட்டும் குளிர்நீர் போனாலும் தலை சுற்றும்.

கேள்வி: ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டும் கருவி), கத்தி?

முதலில் பூட்ஸ், அப்புறம் அதைப் போட்டுக்கொண்டே ஃபின்ஸ். கம்ப்யூட்டரைக் கையுறை போட்டு அமுக்கிப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி. கத்தி மீன்பிடி நரம்புக்காக. கெல்ப் என்ற நீளமான கடற்பாசிக்குக் கத்தி தேவையில்லை: காலில் சுற்றிய தண்டை இழுத்தால் வராது, முருங்கைக்காய் மாதிரி மடக்கினால் பட்டென்று ஒடியும். பதறித் திரும்பினால்தான் இன்னும் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: வேறு ஏதாவது எடுத்து வர வேண்டுமா?

இரண்டு ஃபிளாஸ்க். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், இறங்கும் முன் கையுறைக்கும் பூட்ஸுக்கும் ஊற்ற. இன்னொன்றில் மிளகு ரசம். முதல் டைவ் முடிந்ததும் உடையை இடுப்புவரை கழற்றி, துடைத்து, காற்றுப் புகாத கோட்டைப் போட்டுக்கொண்டு அதைக் குடியுங்கள். அரைமணி கழிந்தும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் இரண்டாவது டைவ் வேண்டாம்.