வயதான குத்துச்சண்டை வீரரைப் பற்றிய ஆவணப்படம் அவரைச் சுற்றியுள்ள சமூகத்தை நேர்மையாகக் காட்டுகிறதா என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

என்னைக் கேட்டால், வீரரைச் சுற்றி நிற்பவர்கள் மீது கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். வயது ஏறியபின்னும் ஒருவர் வளையத்துக்குள் இறங்குவதை அவருடைய பிடிவாதம், புகழ் ஆசை என்று சொல்லி முடித்துவிடுவது மிக எளிது. மெல்லிய இசை, பழைய வெற்றிக் காட்சி, நடுங்கும் கை என்று படம் ஓடும். பார்ப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார். அவரை யார் அனுமதித்தார்கள், யார் பணம் பார்த்தார்கள் என்ற கேள்வியே எழாது. இது எனக்குக் கோபமூட்டுகிறது.

முகமது அலி தம் 38ஆம் வயதில், 1980 அக்டோபர் 2 அன்று, லாஸ் வேகஸில் அப்போதைய ஹெவிவெயிட் உலகப் பட்டக்காரர் லாரி ஹோம்ஸுடன் மோதினார். அந்தப் போட்டிக்கான தயாரிப்பை ஆவணப்பட இயக்குநர்களான மேசல்ஸ் சகோதரர்கள் அப்போதே படம்பிடித்தார்கள். 'முகமது அண்ட் லாரி' என்ற ஆவணப்படமாக அது வெளிவந்ததோ 2009இல்தான்.

அன்று அலியின் உடல் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எடை குறைந்து, நரைமுடி கறுத்து, பழைய அலியே திரும்பி வந்ததுபோல் தெரிந்தார். ரசிகர்கள் அதைத் தெம்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் தைராய்டு மருந்து உட்கொண்டிருந்ததும் அது அவர் உடலை வாட்டியதும் பிறகுதான் வெளியே தெரிந்தன. போட்டிக்கு முன் மேயோ கிளினிக் மருத்துவமனையில் நடந்த பரிசோதனையில், விரலால் மூக்கைத் தொடும்போது குறி சற்றுத் தவறியதும், ஒற்றைக் காலில் எதிர்பார்த்த அளவு லாவகமாகத் தாவ முடியாததும் பதிவாகியிருந்தன. ஆனாலும் லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையத்திடம் மோதுவதற்கான உரிமம் கிடைத்தது. அலியின் நெடுநாள் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, அவர் ஓய்வுபெற வேண்டும் என்று எச்சரித்துவிட்டு 1977இலேயே விலகியிருந்தார்.

எதிரே நின்றவர் கதையும் சமூகத்தின் கதைதான். ஹோம்ஸ் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்தவர். அலியின் பயிற்சி மோதல்களில் அவருக்கு எதிரே நின்று வளர்ந்தவர். தோற்றால் பட்டம் போகும், வென்றால் ஊரின் செல்லப்பிள்ளையை அடித்த பழி வரும். வறுமையிலிருந்து மேலே வந்த கறுப்பின இளைஞரை, தாம் நேசித்த கறுப்பின மூத்தவரை அடிக்க வைத்து அரங்கம் கைதட்டியது. பத்துச் சுற்றுகளில் ஒன்றைக்கூட எந்த நடுவரும் அலிக்குக் கொடுக்கவில்லை. அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்திய பிறகு ஹோம்ஸ் அழுதார். அந்த அழுகையை மட்டும் காட்டினால் அது இரு மனிதர்களின் பாசக்கதை. உரிமம் தந்த ஆணையத்தையும் டிக்கெட் வாங்கிய கூட்டத்தையும் அதே படத்தில் வைத்தால்தான் சமூகம் தெரியும்.

அதோடு நிற்கவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்குடன் இன்னொரு போட்டி. 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது.

மனைவியரை அழவைத்துப் படம்பிடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மறதியையும் குளறும் பேச்சையும் வீட்டில் முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். எப்போது கவனித்தார்கள், யாரிடம் சொன்னார்கள், என்ன பதில் கிடைத்தது என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.

அலிக்காவது புகழ் இருந்தது, கேமரா வந்தது. கூலிக்கு மோதி, பிறரின் வெற்றிக் கணக்கை நிரப்பி, ஓய்வூதியமும் இல்லாமல் முதுமை அடைந்தவர்கள் எத்தனையோ பேர். எனக்குப் பார்க்க வேண்டியிருப்பது அவர்களைப் பற்றிய படம்.