கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: லீ கோங் சியான் அரும்பொருளகத்தில் ‘பிரின்ஸ்’ டைனோசரைப் பார்த்தோம். அவ்வளவு நீளக் கழுத்தை அது எப்படித்தான் சுமந்தது என்கிறாள் மகள். – வாசகி, ஈசூன்

பதில்: நீளம்தான், கனம் இல்லை! கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் குழிகள் இருக்கும், மறுபடி போனால் காட்டுங்கள். நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் அதற்குள் புகுந்திருந்தன. பறவைகளுக்கும் இதே ஏற்பாடுதான். தேக்கா சந்தையில் கோழி வாங்கினால், உடம்பை ஒட்டிய இறக்கை எலும்பை உடைத்துப் பாருங்கள், உள்ளே காலி. ஒட்டகச்சிவிங்கிக்கு இந்த வசதி கிடையாது, கழுத்தெலும்பும் 7தான். ‘பிரின்ஸ்’ குடும்பத்தைச் சேர்ந்த டிப்ளோடோகஸ் டைனோசருக்கு 15. அப்புறம், தலையும் சிறுசு. குச்சிப் பற்களால் இலையை உருவி அப்படியே விழுங்கிவிடும்; மெல்லப் பெரிய தாடை எதற்கு? ஆனால் கழுத்தை நிமிர்த்தி வைத்ததா, கிடையாக நீட்டியதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டைதான்.