பத்திரத்தில் எழுதி வாங்கினால் தகப்பன் உரிமை போய்விடுமா?

கேள்வி: என் மகள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏழு வயதுப் பேரன் என்னிடம் வளர்கிறான். மருமகன் குடித்துவிட்டு வந்து, "பிள்ளையை அனுப்பு" என்று வாசலில் தகராறு செய்கிறார். அவருடைய தகப்பன் உரிமையை ரத்து செய்ய முடியுமா? 15,000 ரூபாய் கொடுத்தால் பத்திரத்தில் எழுதி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த 15,000 ரூபாயைப் பத்திரப்படுத்துங்கள் அம்மா. "எனக்கும் குழந்தைக்கும் இனிச் சம்பந்தமில்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரையும் குத்திய தாள்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றில் கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓரத்துக்கே போயிருந்தது. தரகரே ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்துப் போட வைத்த கையெழுத்து! தெளிவாக இருக்கும்போது போட்டிருந்தாலும் செல்லாது. தகப்பன் உரிமை எழுதிக் கொடுக்கிற சொத்து அல்ல.

நீங்கள் கேட்க வேண்டியது பேரனுக்கு உங்களைப் பாதுகாவலராக நியமிக்கும் உத்தரவு. குடும்ப நீதிமன்றத்தில், 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி (Guardians and Wards Act) மனு. தகப்பன் உயிரோடு இருந்தால், அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதினால்தான் வேறொருவரை நியமிக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "குடிக்கிறார்" என்பது மட்டும் போதாது. குடித்தாலும் பள்ளிக் கட்டணம் கட்டி, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தகப்பனும் உண்டு. அவரை விலக்குவது கடினம். அந்தக் குடி பிள்ளையை எப்படித் தொட்டது என்று காட்ட வேண்டும்: அடித்த காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, போதை மறுவாழ்வு மையத்தின் தாள்கள், நீங்கள் கட்டிய கட்டண ரசீதுகள். "நான்தானே வளர்த்தேன்" என்பதையும் மட்டும் நம்பாதீர்கள். தாயின் சகோதரிகள் வளர்த்த குழந்தையை 2019-இல் உச்ச நீதிமன்றம் தகப்பனிடமே ஒப்படைத்தது. அவர் குடிகாரர் அல்ல, நோயிலிருந்து மீண்டவர்.

அடுத்த முறை தகராறு செய்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கையில் வரும்வரை நகராதீர்கள். "குடும்ப விஷயம், பேசித் தீருங்கள்" என்பார்கள். தாயை இழந்த குழந்தையின் வாசலில் குடிகாரனோடு என்ன பேசுவதாம்?

மனுவோடு, வழக்கு முடியும்வரை பேரன் உங்களிடமே இருக்க இடைக்கால உத்தரவும் கேளுங்கள். இல்லையென்றால் மருமகனுக்கு அனுப்பும் நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பித் திரும்பி வந்து, வாய்தாவிலேயே பையன் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவான். பாதுகாவலர் உத்தரவு கிடைத்தாலும் மருமகன் பிள்ளையைப் பார்க்க நேரம் ஒதுக்கப்படலாம்; அப்பா சொத்தில் பேரனின் பங்கும் போகாது.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், வழக்கறிஞர் இலவசம். நீதிமன்ற வாசலில் "நானே முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் மறிப்பார். அவரைத் தாண்டி உள்ளே போய் விசாரியுங்கள்.