பக்கத்து ஊருக்கு இழப்பீடு வந்தது, எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் சம்பா சாகுபடி செய்கிறேன். இரண்டு ஏக்கர் சொந்தம், ஒரு ஏக்கர் குத்தகை. 2024-25 சம்பாவில் பூக்கும் தருவாயில் மழை பிடித்து, எட்டு நாள் வயல் மூழ்கிக் கிடந்தது. பாதிக்கு மேல் பதர். பிரீமியம் தவறாமல் கட்டியிருந்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு இழப்பீடு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் வரவில்லை. ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மேலிடத்தில் பேசி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? அடுத்த சம்பாவுக்குக் காப்பீடு கட்டுவதில் பயன் உண்டா?

பதில்: முதலில் அந்த ஆயிரம் ரூபாய். கொடுக்காதீர்கள். முன்பணம் என்று ஏதாவது கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் பேசி மாற்றக்கூடிய இடம் எதுவும் இந்தத் திட்டத்தில் இல்லை. ஏன் இல்லை என்பது புரிந்தால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு உங்கள் வயலைத் தனியாகக் காப்பீடு செய்வதில்லை. உங்கள் வருவாய் கிராமம் முழுவதையும் ஒரே வயலாகப் பார்க்கிறார்கள். அந்தக் கிராமத்தின் சராசரி மகசூல் குறைந்தால் பணம் கட்டிய எல்லோருக்கும் இழப்பீடு. குறையாவிட்டால் யாருக்கும் இல்லை. பணம் கட்டும்போது சர்வே எண் கேட்கிறார்கள், அடங்கல் (யார் என்ன பயிர் சாகுபடி செய்கிறார் என்ற கிராமப் பதிவு) கேட்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள். அதனால் 'என் வயலுக்குத்தான் கட்டினேன்' என்று நினைப்பதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. பணத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தாளாத கோபம்.

கணக்கு இப்படி. கடந்த ஏழு ஆண்டுகளில் உங்கள் கிராமம் நல்ல மகசூல் கண்ட ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை வரம்பாக வைப்பார்கள். எந்தச் சதவீதம் என்பது அரசின் அறிவிப்பைப் பொறுத்தது. உதாரணத்துக்கு வரம்பு ஏக்கருக்கு 1,500 கிலோ, காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தின் இந்த ஆண்டு மகசூல் 1,200 கிலோ என்றால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏக்கருக்கு 7,200 ரூபாய் வரும். மகசூல் 1,510 கிலோ என்று பதிவானால் ஒன்றும் வராது. உங்கள் வயலில் ஒரு மரக்கால் நெல்கூடக் கண்டுமுதல் ஆகாமல் போயிருந்தாலும் வராது.

அந்த மகசூலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முக்கியமாகப் பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம். கிராமத்தில் குறைந்தது நான்கு இடங்கள். சர்வே எண்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் கயிறு பிடித்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். நான்கையும் சேர்த்தால் நூறு சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். நூற்றுக்கணக்கான ஏக்கருக்கான தீர்ப்பு பெரும்பாலும் அந்த இரண்டரை சென்ட்டில் எழுதப்படுகிறது. உங்கள் ஊரில் நான்கில் மூன்று இடம் மேட்டு வயலாக அமைந்திருக்கலாம். பக்கத்து ஊரில் பள்ளக்கால் வயல்களாக அமைந்திருக்கலாம். வாய்க்கால் ஒன்றுதான், கிராமம் வேறு.

எடை பதிவாகிவிட்ட பிறகு யார் பேசினாலும் உங்கள் மூன்று ஏக்கருக்கு மட்டும் தனியாகப் பணம் எடுத்துத் தர முடியாது. வரவேண்டிய தொகை தானாகவே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். வந்த பிறகு 'என்னால்தான் வந்தது' என்று பங்கு கேட்டு வாசலில் நிற்பதுதான் இந்த இடைத்தரகர்களின் தொழில். வராத ஊரில் முன்பணத்தோடு நின்றுவிடுவார்கள். இரண்டு வழியிலும் அவர்களுக்கு நட்டமில்லை.

இன்னொரு வகையினர் இவர்களைவிட ஆபத்தானவர்கள். 'நீங்கள் அலைய வேண்டாம், நானே பதிந்துவிடுகிறேன்' என்று ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிப் போவார்கள். உங்கள் சர்வே எண்ணை வேறொருவர் பெயரில் ஏற்றுவார்கள். அல்லது ஒரே எண் இரண்டு முறை ஏறி, இழப்பீடு நேரத்தில் இரண்டுமே நிற்கும். பொதுச் சேவை மையத்தில் நீங்கள் கொடுக்க வேண்டியது பிரீமியம் மட்டுமே. பதிவுக்கான கட்டணத்தை மையத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கிறது. 'ஆன்லைன் சார்ஜ்' என்று ஐம்பது, நூறு கேட்டால் கொடுக்காதீர்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள்: கிராமம், சர்வே எண், பரப்பு, பயிர், கணக்கு எண் என்று இந்த ஐந்தும் சரியா? ரசீது ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் விவசாயிக்குத் தமிழில் ரசீது கொடுக்க இத்தனை ஆண்டு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிராமத்தின் பெயரை மாற்றித் தட்டியதால் ஒரு தெருவே இழப்பீட்டை இழந்ததை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். வங்கியோ சங்கமோ செய்த பிழைக்கு அவர்களே பொறுப்பு என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த விதியைச் சொல்லி வாங்க அந்த மக்கள் எத்தனை முறை பஸ் ஏறினார்கள் என்பது எந்த விதியிலும் இல்லை.

'என் வயல் மட்டும் மூழ்கியதே, அதற்கு வழியே இல்லையா?' என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னல் தீ போன்றவற்றுக்குத் தனி வயல் அளவிலேயே இழப்பீடு உண்டு. வெள்ளத்தில் மூழ்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் 2018இல் நெல்லை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் நிற்கும் பயிர், மூழ்கிய சேதத்தை அளப்பது கடினம் என்று காரணம் சொன்னார்கள். கணுக்கால் தண்ணீரில் நிற்பதும் கதிர் முங்கக் கிடப்பதும் ஒன்றா? டெல்டாவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். உங்கள் பயிர் மூழ்கியது நெல்லை அப்படி நீக்கியிருந்த காலத்தில். அதனால் 2024-25க்கு இந்த வழி உங்களுக்கு இல்லை. காரிப் (மழைக்காலச் சாகுபடிப் பருவம்) 2026 முதல் நெல் மூழ்குவதை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எனவே அடுத்த சம்பாவுக்குப் பணம் கட்டும் முன், தமிழக அரசின் அறிவிக்கையில் உங்கள் பயிருக்கு இது இருக்கிறதா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். இருந்தால், மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் நீங்களே தெரிவிக்க வேண்டும். தண்ணீர் வடியட்டும், கணக்கெடுக்க ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் போயிற்று. 14447 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது பயிர்க் காப்பீட்டுச் செயலியில் இடக்குறியோடு படம் ஏற்றுங்கள். கொடுக்கும் புகார் எண்ணை ரசீதின் பின்புறம் எழுதி வையுங்கள். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது தெரிவித்ததாக ஆகாது.

இதோடு '33 சதவீதம்' என்ற பேச்சைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பேரிடர் நிவாரணத்துக்கான அளவு. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் எடுக்கும் கணக்கு. காப்பீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்த சம்பாவுக்குக் கட்டலாமா? கட்டுங்கள். சம்பாவுக்கு விவசாயியின் பங்கு 1.5 சதவீதம், 36,000 ரூபாய்க்கு 540 ரூபாய். மீதியை அரசுகள் போடுகின்றன. சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கியிருந்தால், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதித் தராதவரை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். பிடித்தார்களா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. அன்று சர்வர் படுத்துவிடும், ஆண்டுதோறும் படுக்கிறது. அக்டோபரிலேயே முடியுங்கள். குத்தகை ஏக்கருக்கு அடங்கல் சாகுபடி செய்யும் உங்கள் பெயரில் வேண்டும். நில உரிமையாளர் பெயரில் பதிந்தால் பணம் அவர் கணக்குக்குப் போகும். பிறகு கேட்டு வாங்குவது உறவைக் கெடுக்கும்.

அறுவடைப் பரிசோதனை எந்த நாளில் என்பதை முன்னதாகவே உதவி வேளாண் அலுவலரிடம் கேட்டு, நாலைந்து பேராகப் போய் நில்லுங்கள். சண்டை வேண்டாம். தேர்வான சர்வே எண்ணில்தான் கயிறு விழுகிறதா, எடை எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒரு பக்க மனு கொடுங்கள். 2024-25 சம்பாவில் உங்கள் கிராமத்துக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் பதிவான மகசூல், வரம்பு மகசூல், பரிசோதனை நடந்த சர்வே எண்கள், இவ்வளவுதான் கேட்க வேண்டியது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அதே கேள்விகளைக் கேளுங்கள். தேர்வான எண் ஒன்று, அறுத்த வயல் வேறு என்று தெரியவந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கு ஊரே சேர்ந்து எழுதலாம்.